உதவித்தொகை ஜூனில் போய்ச் சேர வேண்டும்: டெல்டாவில் ஒரு கிளப் கல்வி உதவித் திட்டம் நடத்த முழுமையான வழிகாட்டி

எங்கள் கிளப்பில் பல வருடமாக ஆகஸ்டு 15 தான் உதவித்தொகை நாள். காலையில் பள்ளியில் கொடியேற்றம், அப்புறம் மேடையில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து ஆளுக்கொரு செக், ஆளுக்கொரு போட்டோ, பத்தரைக்கெல்லாம் டிபனை முடித்துக்கொண்டு அவரவர் கடையைத் திறக்கப் போய்விடலாம். நானும் மூன்று வருடம் அப்படித்தான் நடத்தினேன். மூன்றாவது வருடம் விழா முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தலைமை ஆசிரியை, கோபமாகக்கூட இல்லை, சும்மா தகவல் சொல்வதுபோல, "சார், யூனிஃபார்ம் துணி, தையல் கூலி, நோட்டு எல்லாத்துக்கும் ஜூன்லயே அஞ்சு வட்டிக்கு வாங்கிட்டாங்க. நீங்க குடுத்தது இன்னிக்கு சாயந்திரமே அந்த வட்டிக்குப் போயிடும்" என்றார்.

அதற்கப்புறம் திட்டத்தையே பிரித்துப் போட்டு மறுபடி கட்டினோம். அப்படிக் கட்டியபோது கற்றதுதான் கீழே இருப்பது. ரோட்டரியோ, அரிமா சங்கமோ, ஜேசீஸோ, ஊர் நற்பணி மன்றமோ, 9 முதல் 12 வரை படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் ஏதாவது செய்ய நினைக்கும் யாருக்கும் இது உதவும்.

ஏன் ஒன்பதாம் வகுப்பிலிருந்து

எட்டாவது வரைக்கும் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசே நான்கு செட் சீருடை கொடுத்துவிடுகிறது. ஒன்பதாவதில் அது நின்றுபோகும். தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்ட இடஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைக்கும் எட்டாவதோடு அந்தச் சலுகை முடிந்து, ஒன்பதாவதில் முழுக் கட்டணச் சீட்டு வீட்டுக்கு வரும். சத்துணவு பத்தாவது வரை. பதினொன்றாவது என்றால் பல கிராமங்களில் உயர்நிலைப் பள்ளியோடு சரி, மேல்நிலைக்கு மன்னார்குடிக்கோ பட்டுக்கோட்டைக்கோ திருத்துறைப்பூண்டிக்கோதான் போக வேண்டும். பஸ் பாஸ் இலவசம்தான், ஆனால் அது அரசுப் பேருந்தில்தான் செல்லும். காலை ஏழே முக்காலுக்கு ஊருக்குள் வருவது தனியார் மினி பஸ் என்றால் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். பிள்ளையின் செலவு ஏறும் அதே வயதில்தான் அது சம்பாதிக்கவும் லாயக்காகிறது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் சேர்க்கிறவர் ஊருக்கு வருவதும் இந்த வயதுப் பிள்ளைகளைத் தேடித்தான். அதனால்தான் ஒன்பதாவதில் கையைப் பிடித்தால் பன்னிரண்டாவதில்தான் விட வேண்டும் என்கிறேன். ஒரு வருடம் மட்டும் கொடுப்பதற்குப் பெயர் பரிசு, அதைத் தாராளமாக விழாவிலேயே கொடுங்கள், உதவித்தொகை என்று சொல்லாதீர்கள்.

முதலில் காலண்டர்

ரோட்டரி, அரிமா கிளப்களின் வருடம் ஜூலை 1-ல் பிறக்கிறது, பள்ளி வருடம் ஜூன் தொடக்கத்தில். டெல்டாவின் வருடமோ மேட்டூரில் இருக்கிறது. அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். திறந்த தண்ணீர் கல்லணை வந்து, அங்கிருந்து வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் வழியாகக் கடைமடைக்கு வந்து சேர மேலும் நாளாகும். குறுவை நடவு தொடங்கினால்தான் நடவாட்களுக்குக் கூலி. இப்போது நடவுக்கும் மெஷின் வந்துவிட்டதால் அந்தக் கூலி நாட்களும் சுருங்கிக்கொண்டே போகின்றன. அதாவது சித்திரை, வைகாசி முழுக்கக் கூலி வீட்டில் சல்லிக்காசு புழங்காது. கடற்கரைப் பக்கம் போனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளி திறப்பது மிகச் சரியாக இந்த வறட்சியின் நுனியில்.

ஊருக்குள் பணம் புரள்வது தை, மாசியில். சம்பா அறுவடையாகி, நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய், காசு கணக்கில் ஏறி, அங்கிருந்து உரக்கடை பாக்கிக்கும் ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் பாயும். உங்கள் கிளப் உறுப்பினர்கள் பெரும்பாலும் அந்தக் கடைக்காரர்கள்தானே. தை, மாசியில் திரட்டுங்கள், பங்குனி, சித்திரையில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுங்கள், வைகாசி முடிவதற்குள், அதாவது ஜூன் முதல் வாரத்துக்குள், பணத்தைக் கணக்கில் போடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஜூலையில் பதவியேற்கும் தலைவர் எல்லாவற்றையும் தன் வருடத்தில் புதிதாகச் செய்ய ஆசைப்படுவார், ஜூன் மாதத் தலைவரோ கணக்கை முடித்துவிட்டு ஒதுங்கும் மனநிலையில் இருப்பார். ஜூன் 30 வரை அவர்தான் தலைவர் என்பதை ஞாபகப்படுத்தி, "உங்க வருஷத்துக் கடைசி புராஜெக்ட் சார், ரிப்போர்ட்ல உங்க பேர்லதான் வரும்" என்று பிடியுங்கள். எங்களுக்கு இது ஒவ்வொரு முறையும் பலித்திருக்கிறது. புதியவருக்கு நவம்பர் தவணை இருக்கிறது.

ஆம், இரண்டு தவணை. ஐப்பசி, கார்த்திகையில் பயிர் வயலில் நிற்கும், மழை வானத்தில் நிற்கும், வேலை இருக்காது. அந்த வறட்சிக்கு ஒரு தவணை தேவை. தீபாவளிக்கு முன்னால் கொடுத்தால் அது தீபாவளிக்குப் போய்விடும் என்று எங்கள் குழுவில் ஒருவர் ஒவ்வொரு வருடமும் தவறாமல் சொல்வார். போகட்டுமே, அந்தப் பிள்ளை புதுத்துணி போட்டால் என்ன குறைந்துவிடும் என்பது என் கட்சி. ஓட்டெடுப்பில் இதுவரை நான்தான் தோற்றிருக்கிறேன். தீபாவளி கழிந்துதான் போடுகிறோம்.

எவ்வளவு பணம்

பல கிளப்கள் தடுக்கி விழும் இடம் இது, அதனால் நிதானமாகப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு வருடம் 6,000 ரூபாய் என்று வைப்போம். ஜூனில் 3,500, நவம்பரில் 2,500. ஒன்பதாவதில் வருடத்துக்கு ஐந்து பேரை எடுக்கிறீர்கள். முதல் வருடம் 30,000 ரூபாய், ரொம்பச் சுலபம், எல்லோரும் கை தட்டுவார்கள். இரண்டாம் வருடம் பழைய ஐவர், புது ஐவர், ஆக 60,000. மூன்றாம் வருடம் 90,000. நான்காம் வருடம் 20 பிள்ளைகள், 1,20,000. அதற்குப் பிறகு வருடாவருடம் அதே தொகை, ஏனென்றால் ஐந்து பேர் வெளியே போக ஐந்து பேர் உள்ளே வருவார்கள். 30,000 இருக்கிறதா என்று பார்த்து ஆரம்பித்தவர்கள் மூன்றாவது வருடம் "இந்த வருஷம் கொஞ்சம் டைட்டு" என்று பிள்ளைகளிடம் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முதல் நான்கு வருடத்துக்கு மொத்தம் 3,00,000. கையில் அவ்வளவு வாக்குறுதி வராவிட்டால் ஐந்து பேரை இரண்டாகக் குறையுங்கள். இரண்டு பேரை முழுசாகக் கரையேற்றுவது பத்துப் பேரைப் பாதியில் இறக்கிவிடுவதைவிட எவ்வளவோ மேல்.

வைப்பு நிதி போட்டு வட்டியில் நடத்தலாம் என்று யாராவது பெரியவர் சொல்வார். 6.5 சதவீத வட்டி கிடைப்பதாக வைத்தாலும் 5 லட்சத்துக்கு வருடம் 32,500 தான் வரும், அதாவது ஐந்து பிள்ளைகள். வைப்பு நல்லதுதான், முதுகெலும்பாக இருக்கட்டும், ஆனால் அதைக் கட்டி முடிக்கும்வரை பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது மாதம் 500 ரூபாய் வழி. ஒரு உறுப்பினர் மாதம் 500 போட்டால் வருடத்துக்கு 6,000, ஒரு பிள்ளையின் கணக்கு நேராகிறது. ஆனால் இந்தப் பணம் இந்தப் பிள்ளைக்கு என்று மட்டும் கோத்துவிடாதீர்கள். "தத்தெடுப்பு" என்று அழகாகப் பெயர் வைத்து ஒரு வருடம் செய்தோம். பொங்கலுக்குப் பிள்ளை வந்து காலில் விழவில்லை என்று ஒரு உறுப்பினருக்கு வருத்தம், வீட்டு விசேஷத்துக்குப் பந்தியில் தண்ணீர் வைக்க அந்தப் பையனைக் கூப்பிட்டார் இன்னொருவர். எல்லாப் பணமும் ஒரே உண்டியலில் விழட்டும், யார் பணம் யாருக்குப் போனது என்பது பொருளாளருக்குக்கூடத் தெரிய வேண்டியதில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, மன்னார்குடி பக்கம் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், சொந்த அண்ணனே ஆனாலும் வெளிநாட்டு நன்கொடைதான், எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. வரிச்சலுகை ரசீது வேண்டும் என்பவர்களிடம், உங்கள் டிரஸ்டுக்கு 80ஜி இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மார்ச் மாதம் வந்து சண்டை போடுவார்கள்.

குழுவும் ஒரே ஒரு கறார் விதியும்

ஐந்து பேர் போதும். அதில் ஒருவர் பெண், ஒருவர் கிளப்புக்கு வெளியே இருப்பவர், ஓய்வு பெற்ற ஆசிரியர் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரே வருடத்தில் எல்லோரையும் மாற்றாமல், வருடத்துக்கு இருவராக மாற்றுங்கள்.

விதி இதுதான்: ஒரு பிள்ளையைச் சிபாரிசு செய்தவர் அந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் போடக் கூடாது, அதைப் பேசும்போது அறையிலும் இருக்கக் கூடாது. நம் ஊரில் கிளப் உறுப்பினர்களில் நிலக்காரர்கள் உண்டு, மில் வைத்திருப்பவர்கள் உண்டு. "நம்ம பண்ணையில வேலை பாக்குறவன் புள்ள, தங்கமான பையன்" என்று வரும் சிபாரிசு பொய்யாக இருக்காது. ஆனால் அந்தப் பையனுக்குப் பணம் கிடைத்த மறுநாளிலிருந்து அவன் அப்பா கூலி உயர்வு கேட்க வாயைத் திறக்க முடியாது. அதேபோல எந்தத் தெருவிலிருந்து பெயர்கள் வருகின்றன என்று பட்டியலைப் பாருங்கள். நான்கு வருடமாக ஒரு காலனியிலிருந்து ஒரு பெயர்கூட வரவில்லை என்றால் அங்கே ஏழைகள் இல்லை என்று அர்த்தமில்லை, அங்கே உங்களுக்கு ஆள் தெரியாது என்றுதான் அர்த்தம்.

உறுப்பினர்களின் பிள்ளை, பேரன், பேத்திக்குக் கிடையாது என்பதைச் சொல்லவே தேவையில்லை என்று நினைப்பீர்கள், எழுதியே வையுங்கள். ரோட்டரி ஃபவுண்டேஷன் தன் மானியங்களில் இதை விதியாகவே வைத்திருக்கிறது.

பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது

விண்ணப்பம் வரவேற்கிறோம் என்று ஃப்ளெக்ஸ் கட்டினால் வருவது விண்ணப்பம் போடத் தெரிந்தவர்களின் பிள்ளைகள். நாங்கள் ஏப்ரலில் நேராகப் பள்ளிக்குப் போகிறோம். தலைமை ஆசிரியரைப் பார்த்துவிட்டு, எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு வகுப்பாசிரியர்களிடம் இரண்டே கேள்வி: இந்த வருடம் நிறைய நாள் லீவு போட்ட, ஆனால் படிக்கக்கூடிய பிள்ளை யார்? அடுத்த வருடம் வராமல் போய்விடுமோ என்று நீங்கள் பயப்படுகிற பிள்ளை யார்? முதல் ரேங்க் யார் என்று கேட்காதீர்கள். முதல் ரேங்குக்குப் பரிசு கொடுக்க ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள். உடற்கல்வி ஆசிரியரையும் சத்துணவு ஆயாவையும் மறக்க வேண்டாம், யார் காலையில் சாப்பிடாமல் வருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

விண்ணப்பம் ஒரே பக்கம், தமிழில். பெயர், வகுப்பு, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் எண்), வீட்டில் யார் யார், யார் சம்பாதிக்கிறார்கள், போன் யாரிடம் இருக்கிறது. "உன் லட்சியம் என்ன" என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லும் கேள்வியை நாங்கள் எடுத்துவிட்டோம். எல்லோரும் கலெக்டர் என்றுதான் எழுதுகிறார்கள், நமக்குப் பிடிக்கும் என்று தெரிந்து எழுதுகிறார்கள், பாவம்.

வீட்டுக்குப் போவது

முழுத் திட்டத்திலும் ஒன்றே ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். சான்றிதழ்கள் சொல்லாததை வீடு சொல்லும். வருமானச் சான்றிதழ்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள், பாதிக்கு மேல் அதே 72,000 தான் இருக்கும். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கு வருட வருமான உச்சவரம்பு முன்பு 72,000 ஆக இருந்த பழக்கம் ஊரில் அப்படியே நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். அந்த எண்ணை வைத்து யார் அதிக ஏழை என்று எப்படிச் சொல்வீர்கள்?

இருவராகப் போங்கள், ஒருவர் பெண்ணாகவோ அந்தப் பள்ளியின் ஆசிரியையாகவோ இருக்கட்டும். காரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள், கார் வாசலில் நின்றால் தெருவே கூடிவிடும். மாலை ஆறு மணிக்கு மேல், வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு. போட்டோ வேண்டாம். கொடுக்கிற தண்ணீரை வாங்கிக் குடியுங்கள், பாட்டில் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். வாய்க்கால் கரையில், ஒற்றை அறை, மேலே தார்ப்பாய். புத்தகமெல்லாம் எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டதும் அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து, உத்திரத்தில் கட்டியிருந்த ஒரு கயிற்றை அவிழ்த்தாள். மெதுவாக ஒரு உரச்சாக்கு இறங்கி வந்தது. உள்ளே இன்னொரு பாலித்தீன் பை, அதற்குள் காலண்டர் தாளில் அட்டை போட்ட ஐந்து புத்தகமும் நோட்டுகளும். "கஜாவுல அவ அண்ணன் புஸ்தகம் பூரா கூழாப் போச்சுங்க, அதுலேர்ந்து இப்புடித்தான்" என்றார் அம்மா. 2018 நவம்பர் புயல் அது. அண்ணன் இப்போது திருப்பூரில். அந்த அண்ணன் எந்த வகுப்போடு நின்றான் என்று நான் கேட்கவில்லை, அம்மாவே பத்து என்றார்.

கேட்க வேண்டிய கேள்விகள் சின்னதாக இருக்கட்டும். நேத்து ராத்திரி எங்க உக்காந்து படிச்சே? காலையில எந்திரிச்சதும் என்ன வேலை? சனி, ஞாயிறு எங்க போவே? மூன்றாவதில்தான் விஷயம் வெளிவரும். கேட்டரிங்கில் இலை எடுக்கப் போகிறேன், வெல்டிங் பட்டறைக்குப் போகிறேன், சித்தியோடு களை எடுக்கப் போகிறேன் என்று பிள்ளை சாதாரணமாகச் சொல்லும். அப்பா குடிக்கிறாரா என்று பிள்ளை முன்னால் கேட்காதீர்கள். சம்பளம் வீட்டுக்கு யார் கையால் வருகிறது என்று அம்மாவிடம் தனியாகக் கேட்டால் போதும், பதில் வந்துவிடும். டி.வி. இருக்கிறது, போன் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வசதியான வீடு என்று முடிவு கட்டுகிறவர்களைக் குழுவில் வைக்காதீர்கள். டி.வி. அரசு கொடுத்ததாக இருக்கலாம், போனுக்குத் தவணை ஓடிக்கொண்டிருக்கலாம்.

திரும்பி வந்த அன்றே மதிப்பெண் போட்டுவிடுங்கள், மறுநாள் எல்லா வீடும் ஒன்றுபோலத் தோன்றும். எங்கள் கணக்கு 50-க்கு: வீட்டு நிலைமை 25, வகுப்பாசிரியர் சொல்வதும் வருகையும் 15, மார்க் 10. மார்க்குக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கும் உறுப்பினரை அடுத்த வீட்டுப் பயணத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

காகிதமும் வங்கியும்

எங்கள் உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. குடும்ப அட்டை நகல் போதும், அதில் பி.ஹெச்.ஹெச்.-ஏ.ஏ.ஒய். என்று இருந்தால் 35 கிலோ அரிசி அந்தியோதயா அட்டை, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும். ஆனால் அரசு உதவித்தொகைகளுக்கு வருமானச் சான்றிதழ் தேவைப்படும் என்பதால் மே மாதமே எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுத்துவிடுகிறோம். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம், அத்தோடு ஜெராக்ஸ், அத்தோடு அம்மாவின் ஒரு நாள் கூலி. கட்டணத்தைக் கிளப் கட்டட்டும், ஒரு சனிக்கிழமை எல்லோரையும் ஒரே மையத்துக்கு வரச் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும்.

வங்கிக் கணக்குப் பிள்ளையின் பெயரிலேயே இருக்கட்டும். பத்து வயதுக்கு மேல் தானே கணக்குத் திறந்து இயக்கலாம், கிளைகள் பெற்றோரும் வரச் சொல்லும், அதில் தவறில்லை. அம்மா கணக்கில் போடலாமே என்று தோன்றும். நாங்களும் போட்டோம். குழுக் கடன் தவணை அந்தக் கணக்கிலிருந்துதான் தானாகப் பிடித்தம் ஆகிறது என்பது 3,500 ரூபாய் உள்ளே போய் அரை மணி நேரத்தில் 212 ஆனபோதுதான் தெரிந்தது. யார் மேலும் குற்றமில்லை, நாங்கள்தான் கேட்டிருக்க வேண்டும். பிள்ளைக்குக் குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத கணக்காகத் திறங்கள்.

அடுத்தது பெயர். பள்ளிப் பதிவேட்டில் முன்னால் ஓர் இனிஷியல், ஆதாரில் பின்னால் அப்பா பெயர் முழுசாக, குடும்ப அட்டையில் இனிஷியலே இல்லை. ஒரு பெண் இதற்காக ஒரு வங்கிக் கிளைக்கு மூன்று முறை போய் வந்தாள், மூன்று நாள் பள்ளி போச்சு. இப்போது விண்ணப்பத்தோடு ஆதார் நகலையும் வாங்கி, பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தயாராகும் முன்பே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கிறோம். பத்தாவது மார்க் ஷீட்டில் தப்பாக ஏறினால் அப்புறம் ஆயுசுக்கும் அலைச்சல். 15 வயதானால் ஆதாரில் கைரேகை, கருவிழியைப் புதுப்பிக்க வேண்டும், 18 ஆனால் வங்கிக் கணக்கில் கே.ஒய்.சி., அதாவது அடையாள, முகவரி ஆவணங்களை, மறுபடி கொடுக்க வேண்டும். இந்த இரண்டு தேதியையும் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரே குறித்து வையுங்கள். கணக்குக்கு உரியவர் இரண்டு வருடம் தானாக எதுவும் போடாமல், எடுக்காமல் விட்டால் கணக்கு முடங்கும், ஆகவே நவம்பர் தவணையில் கொஞ்சமாவது பிள்ளையே போய் எடுக்கட்டும்.

அரசுப் பணத்தை முதலில் வாங்கிக் கொடுங்கள்

உங்கள் 6,000-ஐ விடப் பெரிய தொகை அரசிடம் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்னும் தேசிய வருவாய் வழி, திறன் படிப்புதவித் தேர்வு எழுதித் தேறினால் 9 முதல் 12 வரை வருடம் 12,000. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும், பெற்றோர் வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்பதாவதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, தொகை சின்னது, வருடம் 1,000, கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு, தேறினால் பட்டப்படிப்பு முடியும்வரை வருடம் 10,000. பதினொன்றாவதில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, மாதம் 1,500 வீதம் இரண்டு வருடம். அப்பாவோ அம்மாவோ இறந்து, மீதிப் பெற்றோரால் பார்க்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைக்கு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000. பெற்றோர் கட்டுமானம் போன்ற தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் பிள்ளைக்குக் கல்வி உதவி தனியாக உண்டு, பலர் அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள்.

என்.எம்.எம்.எஸ். பயிற்சிக்கு ஒரு ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியரை டிசம்பர், ஜனவரியில் சனிக்கிழமை தோறும் உட்கார வைத்தால், கிளப் செலவழிக்கும் பணத்திலேயே அதிகப் பலன் தருவது அதுதான். அரசுத் தொகை கிடைத்துவிட்டால் உங்கள் தொகையை நிறுத்துவதா என்ற கேள்வி வரும். நாங்கள் ஜூன் தவணையை நிறுத்துவதில்லை. அரசுப் பணம் நிச்சயம் வரும், ஆனால் பள்ளி திறக்கும் நாளில் வரும் என்று சொல்ல முடியாது.

மேடை, போட்டோ

சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் வங்கிக்குப் போகட்டும், விழா வேறு விஷயமாக இருக்கட்டும். உதவி பெறும் பிள்ளைகளை மட்டும் தனியாக மேடையில் ஏற்றாதீர்கள். கிளப்புக்கு ஆண்டறிக்கையில் போட்டோ வேண்டும், கிளப்பின் மாவட்ட ஆளுநர் வருகிறார், எல்லாம் புரிகிறது. அதற்கு இன்டராக்ட் (ரோட்டரியின் பள்ளி மாணவர் கிளப்) மாணவர்கள், ஆசிரியர்கள், எல்லோரோடும் சேர்த்து ஒரு மரம் நடும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெயரோடு, "ஏழை மாணவி" என்ற தலைப்போடு, வாட்ஸ்ஆப் குழுக்களில் படம் சுற்றிய ஒரு பெண் மறு வருடம் தொகையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். சொந்த வகுப்பில் என்ன கேலி நடந்ததோ, அவள் சொல்லவில்லை.

நடுவில் விட்டுப் போகாமல் பார்ப்பது

நான்கு பிள்ளைக்கு ஒரு உறுப்பினர். மாதம் ஒரு போன், பாடத்தைப் பற்றி அல்ல, பள்ளிக்குப் போகிறாயா என்று மட்டும். வகுப்பாசிரியருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு போன். தொடர்ந்து பத்து நாள் வரவில்லை என்றால் வீட்டுக்குப் போங்கள். அப்படிப் போனபோது ஒரு பையன் செங்கல் சூளையில் இருந்தான், ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினெட்டுக்குக் கீழே கல்யாணப் பேச்சு என்றால் முதலில் தலைமை ஆசிரியரையும் ஊர்ப் பெரியவரையும் கூட்டிப் பேசுங்கள், பேச்சு நிற்கவில்லை என்றால் 1098-க்குப் போன் செய்யத் தயங்காதீர்கள். அதற்காக அந்த வீட்டில் நம்மைத் திட்டுவார்கள், திட்டட்டும்.

பத்தாவதில் ஒரு பாடம் போய்விட்டது என்று தொகையை வெட்டாதீர்கள். துணைத் தேர்வுக்குக் கட்டணத்தைக் கட்டி, அந்தப் பாடத்துக்கு ஆள் பார்த்துக் கொடுங்கள். மார்க் குறைந்தால் நிறுத்துவோம் என்று விதி வைத்திருந்த காலத்தில் நாங்கள் நிறுத்திய இருவருமே அதே வருடம் பள்ளியை விட்டார்கள். விதியை எடுத்தோம், அவர்களைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

பன்னிரண்டாவது முடியும் மே மாதத்தில் ஒரு நாள் உட்கார வைத்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் இருக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு, கல்லூரி சேர்ந்த பிறகு பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000, இதெல்லாம் சொல்லி, கல்லூரி விண்ணப்பக் கட்டணத்தையும் கட்டி அனுப்புங்கள். எங்கள் கணக்கு அங்கே முடிகிறது.

தலைவர் மாறும்போது

உதவித்தொகைக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. ஏற்கெனவே தேர்வான பிள்ளைகளின் பணத்தை வேறு எந்தப் புராஜெக்டுக்கும் எடுக்கக் கூடாது என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டு மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றுங்கள். கணினியில் என்ன வைத்திருந்தாலும், ஒரு கெட்டி அட்டை லாங் சைஸ் நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் வையுங்கள்: சேர்ந்த வருடம், கணக்கு எண், தவணை போட்ட தேதிகள், வீட்டுக்குப் போன நாள், யார் பார்த்துக்கொள்கிறார்கள். ஜூலை முதல் கூட்டத்தில் புதுத் தலைவர் கையில் பொன்னாடையோடு இந்த நோட்டும் போக வேண்டும்.

கடைசியாக, ஜூன் தவணை போட்ட அன்று மாலை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போன் போட்டு, பணம் ஏறிவிட்டதா என்று கேளுங்கள். ஏறவில்லை என்றால் மறுநாள் காலை பத்து மணிக்கு வங்கி வாசலில் போய் நிற்க வேண்டியது நீங்கள்தான். அன்றைக்கு எங்காவது வேலை கிடைத்திருந்தால் அந்த அம்மா அதற்குப் போகட்டும்.